எங்கள் வீட்டு மூன்று பேரின் கண்கள்

சித்தப்பாவுக்குக் கண்ணில் அடிபட்டது ஒரு திங்கட்கிழமை. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கவாத்து வேலை. குனிந்து காய்ந்ததை வெட்டி இழுக்கும்போது ஒரு இலையின் நுனி வலது கண்ணில் சுரீரென்று கீறிவிட்டது. தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு சாயங்காலம் வரை வேலை பார்த்திருக்கிறார். ஜீப்பை விட்டு இறங்கும்போதே கண் சிவந்திருந்தது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் சித்தி ஓடிப்போய்த் தாய்ப்பால் வாங்கி வந்து கண்ணில் விட்டாள். மறுநாளும் மலைக்குப் போனார். மூன்றாம் நாள் வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசவே, ஒரு மெடிக்கல் கடையில் சொல்லி சொட்டு மருந்து வாங்கினார். இரண்டே நாளில் சிவப்பு குறைந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியானோம். பத்தாம் நாள் காலையில் கருவிழியின் நடுவே மிளகளவு வெள்ளை.

அன்றுதான் அவரைத் தேனி அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். மரத்துப்போகும் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்தில் இருந்து துளியூண்டு சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். பூஞ்சை. "இதுக்கு முன்னாடி என்ன மருந்து விட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். நல்லவேளை, பழைய குப்பியைப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அதைத் திருப்பிப் படித்தவர், "இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. சிவப்பு குறையும், வலி குறையும். ஆனா பூஞ்சை உள்ளே நல்லா பரவிடும்" என்றார்.

அதற்கப்புறம் மணிக்கொரு தரம் சொட்டு. இரவிலும்தான். சித்தியும் நானும் மாற்றி மாற்றி அலாரம் வைத்து எழுந்தோம். புண் ஆற ஆறு வாரத்துக்கு மேல் ஆனது. கண் தப்பியது, பார்வை தப்பவில்லை. வெள்ளைத் தழும்பு நடுவிலேயே நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் இப்போது அவருக்கு எதிரில் நீட்டும் விரல்களை எண்ணத்தான் முடியும்.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அப்பத்தாவுக்காகவும் அப்பாவுக்காகவும் அதே ஆஸ்பத்திரியோடு பழகியதில் நான் கற்றுக்கொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் பார்வையைப் பறிப்பது பெரும்பாலும் மருந்தே இல்லாத நோய் இல்லை. போக வேண்டிய இடத்துக்கு நாம் போய்ச் சேரும் நாள்தான் தள்ளித் தள்ளிப் போகிறது. அந்த நாளை எப்படி முன்னால் கொண்டுவருவது என்பதுதான் இதில் சொல்ல வருவது.

சித்தப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கணக்கு அவருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போகும். துணைக்கு வருகிறவர் கூலியும் போகும். பஸ், சாப்பாடு, திரும்ப வரச் சொன்னால் இன்னொரு நாள். வைத்தியம் இலவசம் என்றாலும் போய்வருவது இலவசம் இல்லை. கண் சிவப்புக்கெல்லாமா இவ்வளவு என்று யாருக்கும் தோன்றும்.

பிறகுதான் தெரிந்தது, இந்தக் கருவிழிப் புண் எங்கள் மண்ணுக்கே உரிய வியாதி மாதிரி என்று. மதுரை மாவட்டத்தில் 1990களில் எடுத்த கணக்குப்படி லட்சம் பேரில் ஆண்டுக்கு 113 பேருக்கு இது வருகிறது. அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கைவிடப் பத்து மடங்கு. நெல் உமி, சோளத்தோகை, முள், மண், மாட்டு வால் என்று வயலில் கண்ணில் படாதது எது? செடிகொடியால் கீறினால் பூஞ்சை சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. சித்தப்பாவுக்கு எழுதிக் கொடுத்தது நேட்டமைசின் என்ற பழைய மருந்து. விலை கூடிய புது மருந்து இருக்குமே, காசுக்குப் பார்த்து இதை எழுதிவிட்டார்களோ என்று மனதுக்குள் ஒரு குறை இருந்தது. அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். புதிதாக வந்த வோரிகொனசோலையும் இந்தப் பழைய மருந்தையும் 300க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து, இந்த வகைப் பூஞ்சைப் புண்ணுக்குப் பழையதே மேல் என்று 2013இல் ஆய்வு வெளியாகியிருக்கிறது. செய்தவர்கள் அரவிந்த் டாக்டர்களும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாகத்தினரும். எங்கள் பக்கத்துக் காட்டில் வேலை பார்க்கிறவர்களின் புண்ணை எடுத்து ஆராய்ந்து, அதற்கு எது நல்லது என்று உலகத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். வைத்தியம் பார்க்கிற இடமே படிப்புச் சொல்லிக் கொடுக்கிற இடமாகவும் ஆராய்ச்சி செய்கிற இடமாகவும் இருந்தால் என்ன லாபம் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

ஆகவே முதல் பாடம். காட்டிலோ வயலிலோ கண்ணில் ஏதாவது கீறினால், அன்றைக்கே அல்லது மறுநாள் காலை கண் பார்ப்பவர்களிடம் காட்டிவிடுங்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம். டாக்டர் சீட்டு இல்லாமல் கண்ணுக்குச் சொட்டு வாங்கவே வாங்காதீர்கள். ஏற்கெனவே ஏதாவது விட்டிருந்தால், திட்டுவார்களோ என்று மறைக்காமல் அந்தக் குப்பியோடு போங்கள்.

சித்தப்பாவின் மறுபரிசோதனைக்கு அலைந்தபோதுதான் தேனியில் ஒரு சிஸ்டர் சொன்னார், "ஒவ்வொரு தடவையும் இங்க வரணும்னு இல்லக்கா. உங்க பக்கத்துலயே விஷன் சென்டர் இருக்கே." கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் போர்டைக் கடந்திருக்கிறேன். கண்ணாடிக் கடை என்று நினைத்திருந்தேன்.

அது இரண்டு மூன்று அறை உள்ள சின்ன இடம்தான். டாக்டர் அங்கே இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பெண்கள் இருப்பார்கள். நாம் சிஸ்டர் என்று கூப்பிடுவோம். எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்வார்கள், தாடையை வைத்து உட்காரும் கருவியில் கண்ணைப் பார்ப்பார்கள், கண்ணின் அழுத்தம் அளப்பார்கள், தேவைப்பட்டால் உள்ளே படம் எடுப்பார்கள். அதெல்லாம் கம்ப்யூட்டர் வழியாகப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டருக்குப் போகும். அவர் திரையில் வந்து நம்மிடமே பேசுவார். வருகிற ஒவ்வொருவரையும் டாக்டர் இப்படிப் பார்த்துவிடுகிறார். கண்ணாடிதான் வேண்டும் என்றால் அங்கேயே வேலை முடிந்தது. ஆபரேஷன், லேசர் என்றால் மட்டும் தேனிக்குச் சீட்டு. கட்டணம் சின்னத் தொகைதான். போய்விட்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

இந்த யோசனை எங்கே இருந்து வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அரவிந்தை ஆரம்பித்த டாக்டர் கோ. வெங்கடசாமி, எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துக்காரர். இளம் வயதிலேயே முடக்குவாதத்தில் அவர் விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களோடுதான் கண் அறுவை பழகி, அரசு மருத்துவமனையில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976இல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு தொடங்கினார். தேனிக்கு 1985இல் வந்தார்கள், திருநெல்வேலிக்கு 1988, கோவைக்கு 1997, புதுச்சேரிக்கு 2003. பணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு பக்கம், கட்ட முடியாதவர்களுக்கு ஒரு பக்கம். எந்தப் பக்கம் போவது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். வருமானச் சான்று கொண்டா என்று யாரும் கேட்பதில்லை. லாபம் பார்க்காத அறக்கட்டளை, ஆனால் கட்டணப் பக்கத்து வரவில் இலவசப் பக்கமும் நடந்துவிடுகிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டில் இருந்து வந்த காலத்தில் ஏழைக்கு எட்டாத விலை. 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்ய ஆரம்பித்ததும் விலை பத்தில் ஒரு பங்காக இறங்கியது.

இவ்வளவு செய்தும், ஊர் ஊராக இலவச முகாம் போட்டும், ஒரு ஆய்வில் அவர்களுக்கு ஒரு உண்மை தெரியவந்தது. முகாம் நடக்கும் பகுதியிலேயே கண் குறை உள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேர்தான் முகாமுக்கு வந்திருக்கிறார்கள். மிச்சம் 93 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அன்றைக்கென்று வேலை இருந்திருக்கும், துணை கிடைத்திருக்காது, பயமாக இருந்திருக்கும். முகாம் ஒரு நாள் வந்துவிட்டுப் போய்விடும். எப்போதும் திறந்திருக்கிற ஒரு இடம் பக்கத்திலேயே வேண்டும். 2004 வாக்கில் விஷன் சென்டர்கள் தொடங்கியது அதனால்தான். அப்போது எங்கள் பக்கம் நல்ல இன்டர்நெட் கிடையாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் வந்து, உயரமான கோபுரம் நட்டு, தூரத்து வைஃபை மூலம் தேனி ஆஸ்பத்திரியோடு இணைத்துக் கொடுத்தார்கள். இன்று நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் இது நடக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் இருக்கலாம், விசாரியுங்கள். நான் விசாரிக்காமல் விட்டதில் சித்தப்பாவுக்குப் பத்து நாள் போனது.

அங்கே இருக்கும் சிஸ்டர்கள் பெரும்பாலும் நம்மைப் போல கிராமத்துப் பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இரண்டு வருடம் அரவிந்திலேயே பயிற்சி. அதனால் நம் பேச்சு அவர்களுக்கு விளங்குகிறது. அப்பத்தா "மசமசன்னு தெரியுது தாயி" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

அப்பத்தாவின் கதைக்கு வருகிறேன். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. "நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று நான்கு வருடம் தள்ளினாள். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்வது உண்டு. இப்போது முத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்றாட வேலைக்குத் தடையாக இருந்தாலே செய்துகொள்ளலாம். ரொம்ப முற்றிவிட்டால் லென்ஸ் கெட்டிப்பட்டு எடுப்பது சிரமம், சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி ஒரேயடியாக வலிக்கவும் செய்யும். திரையில் வந்த டாக்டர் இதைச் சொன்னபோது அப்பத்தா திரையைப் பார்க்காமல் சிஸ்டரைப் பார்த்து, "அந்தய்யா சொல்றது நெசமா?" என்று கேட்டாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஆச்சிக்கும் செஞ்சாச்சு பாட்டி" என்றார். அதன்பிறகுதான் சம்மதித்தாள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம். அதிலேயே போனாள். முகாமில் ஆபரேஷன் என்று எழுதியவர்களை அன்று மாலையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார்கள். போக வர பஸ், தங்க இடம், சாப்பாடு, ஆபரேஷன், மருந்து எதற்கும் காசில்லை. வீட்டில் இருந்து துணைக்கு யாரும் போகவில்லை, தேவையும் இல்லை. ஒரே ஊர்க்காரர்களாகப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து போவதால் பயம் பாதியாகிவிடுகிறது. போகுமுன் செய்ய வேண்டியது சில உண்டு. தினம் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை. சர்க்கரை, பிரஷர் கூடியிருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள். அதனால் பத்து நாள் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். தலைக்குக் குளித்துவிட்டுப் போகட்டும். அப்புறம் சில வாரம் தலைக்குக் குளிக்க முடியாது. ஒரு போன் நம்பரைத் தாளில் எழுதி முந்தானையில் முடிந்து விடுங்கள்.

மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். உள்ளே என்ன நடந்தது என்று தெருவுக்கே சொன்னாள். "பக்கத்து பக்கத்துல ரெண்டு கட்டிலு. இந்தக் கட்டில்ல முடிச்சதும் டாக்டரு அப்படியே திரும்பி அந்தக் கட்டில்ல ஆரம்பிக்கிறாரு. ஒரு நிமிசம் வீணாக்கல." உண்மைதான். ஒருவருக்கு நடக்கும்போதே அடுத்தவரை சிஸ்டர்கள் தயார் செய்துவிடுவதால்தான் அவ்வளவு பேருக்குப் பார்க்க முடிகிறது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நம் வேலை. இரண்டு குப்பி கொடுத்திருந்தார்கள். ஒன்று நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே போவது, ஒன்று அப்படியே விடுவது. அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது, எனக்குப் பகலில் பள்ளிக்கூட வேலை. ஒரு குப்பிக்குச் சிவப்பு நூல் கட்டினேன், இன்னொன்றுக்கு வெள்ளை. சுவரில் கரியால் சிவப்புக்கு எத்தனை கோடு, வெள்ளைக்கு எத்தனை கோடு என்று போட்டேன். விட்டதும் ஒரு கோட்டை அழித்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொட்டு விட்டுப் போகும். கை கழுவாமல் தொடக் கூடாது. கீழ் இமையை லேசாக இழுத்து ஒரு சொட்டு போதும். இரண்டு மருந்துக்கும் நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி. அடுப்புப் புகைப் பக்கம் விடவில்லை. கண்ணில் தண்ணீர் படாமல் ஈரத்துணியால் முகம் துடைத்துவிட்டோம். வலியோ சிவப்போ கூடினால், தெரிந்த பார்வை மங்கினால், அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மாதம் கழித்த பரிசோதனையை ஊரில் பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். கண்ணாடிக்குச் சரியான பவர் அப்போதுதான் எழுதுவார்கள்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, சனிக்கிழமை காலை. அப்பத்தா திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அரிசியைப் பரப்பி, ஒரு கல்லை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கீழே போடவில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்த கல்லையெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். என்னைக் கூப்பிட்டுக் கிண்ணத்தைக் காட்டி, "இத்தன வருசமா இதையாடி ஆக்கிப் போட்டேன் உங்களுக்கு?" என்றாள். குரல் தழுதழுத்துவிட்டது. அவள் ஆக்கிப் போட்டதில் ஒரு நாளும் கல் கடித்ததாக எனக்கு நினைவில்லை.

இந்த இரண்டையும்விட எனக்கு முக்கியம் அப்பாவின் கண். ஏனென்றால் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினான்கு வருடம். பேப்பர் படிப்பார், மொபெட் ஓட்டுவார். கண்ணைக் காட்டலாம் என்றால், "எனக்குத்தான் எல்லாம் பளிச்சுன்னு தெரியுதே, எதுக்கு?" என்பார். அப்பத்தாவுக்குக் கண்ணாடி வாங்கப் போன அன்று, "சும்மா வாங்கப்பா, துணைக்கு" என்று கூட்டிப்போனேன். சிஸ்டர் பேச்சோடு பேச்சாக, "ஐயாவுக்கு சுகர் இருக்கா?" என்று கேட்டு உட்கார வைத்துவிட்டார். கண்ணுக்குள் படம் எடுத்துத் திரையில் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், அதில் மரக்கிளை மாதிரி ரத்த நாளங்கள். அங்கங்கே பேனா முனையால் குத்தினதுபோலச் சிவப்புப் புள்ளிகள், ஓரத்தில் மஞ்சள் பொட்டுகள். "இந்தச் சிவப்பு எல்லாம் ரத்தக் கசிவு. நடுவுல இன்னும் வரல, அதனாலதான் பார்வை நல்லா இருக்கு. வந்துட்டா போன பார்வையை முழுசா திருப்புறது கஷ்டம்ங்கய்யா" என்றார் டாக்டர். அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணைத் திறந்து, தூரத்துப் போர்டுகளைப் படித்துக்கொண்டே வந்தார்.

தேனியில் சில தவணைகளாக லேசர் செய்தார்கள். லேசர் இழந்ததைத் தருவதற்கு இல்லை, இருப்பதைக் காப்பாற்றுவதற்கு. இதைத் தெரிந்துகொண்டு போனால் "லேசர் போட்டும் பார்வை கூடலையே" என்ற ஏமாற்றம் வராது. இன்றும் அப்பா பேப்பர் படிக்கிறார்.

சர்க்கரை இருப்பவர் வீட்டில் இருந்தால், தெரிந்த வருடத்தில் இருந்தே ஆண்டுக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்குப் போதாது, கண்ணுக்குள்ளே பார்க்க வேண்டும். சுகர் ஃபைலைக் கையோடு எடுத்துப் போங்கள். கண்ணின் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் எழுத்துத் தெரியாது, வெயில் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள், ஒரு தொப்பியோ துண்டோ இருக்கட்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு என்றால் அந்த நாளையே அதற்கென்று ஒதுக்கிவிட்டு, காலைப் பஸ்ஸில் கிளம்பிவிடுங்கள். கண் நீர் அழுத்த நோயும் இதே மாதிரி சத்தமில்லாமல் ஓரப்பார்வையில் இருந்து தின்றுகொண்டு வரும். வீட்டில் ஒருவருக்கு அது இருந்தால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது.

எங்கள் வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு வருடமும் தை மாதம் பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டுவிடுவேன். அது அப்பாவின் கண் நாள். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்களில் சர்க்கரை உள்ள இரண்டு மூன்று பேரும் சேர்ந்து போவார்கள். தனியாகப் போகச் சொன்னால் போகாதவர்கள், கூட்டமாக என்றால் கிளம்பிவிடுகிறார்கள்.

சித்தப்பா இன்னும் மலைக்குப் போகிறார். போன வருடம் காலை ஜீப்பில் எதிரே உட்கார்ந்திருந்த பையனின் கண் சிவந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். முந்தின நாள் செடி அடித்ததாம். கூலி போய்விடும் என்று அவன் சொல்லச் சொல்ல, ஜீப்பை நிறுத்தி அவனையும் இறக்கித் தானும் இறங்கி, விஷன் சென்டர் திறக்கும்வரை வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். டாக்டர் திரையில் பார்த்துவிட்டு, மேலோடு கீறல்தான், புண் வைக்கவில்லை என்று மருந்து எழுதி, இரண்டு நாளில் மறுபடி காட்டச் சொன்னார். சொன்னபடி காட்டினான். ஐந்தாம் நாள் ஜீப் ஏறிவிட்டான். சித்தப்பா அன்று இழந்த கூலியை அவன் கொடுக்க வந்தபோது வாங்கவில்லை. தன் வலது கண்ணைத் தொட்டுக் காட்டிவிட்டு, "நீ யாரையாச்சும் இப்படிப் பார்த்தா இறக்கிக் கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னாராம்.